யாரையும் அழைக்காத சொல்

பினாங்கில் ஒரு பூங்கா பெஞ்சின்மேல் ஒரு சொல்லைப் பொறிக்கவேண்டுமென்றால், அந்தச் சொல் முதலில் தன் அர்த்தத்தைக் கைவிடச் சம்மதிக்கவேண்டும். இது சுகுமாரனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ‘சரி’ என்றுதான் சொல்லியிருப்பார். மனைவி குணவதி போனதிலிருந்து அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. காரியத்துக்கு வந்தவர்களில் சிலர், “அழுதுடுங்கண்ணே, மனசுல வச்சிக்காதீங்க” என்றார்கள். சரி என்றார். வேறு சிலர், “நீங்க தைரியமா இருக்கணும்லா, அழக்கூடாது” என்றார்கள். அதற்கும் சரி என்றார். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர் வேலை. பெட்டிகள் வந்தன, பெட்டிகள் போயின. அவர் கையெழுத்துப் போட்டார். வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். அவர் அதன் எதிரே உட்கார்ந்திருப்பார். அது என்ன மொழியில் ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது.

செபராங் ஜெயாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பாலம் தாண்டி வரும் மகள் காமினிதான் பெஞ்சு யோசனையைக் கொண்டுவந்தாள்.

“அப்பா, பாயான் பாரு பார்க்குல பெஞ்சு உபயம் குடுக்கலாமாம். செத்துப்போனவங்க ஞாபகமா. அம்மாவுக்குக் குடுப்போம்லா.”

“சரி.”

“மேல ஒரு வார்த்தை எழுதிக்கலாம். ஒன்னே ஒன்னுதான். முன்ன யாரோ ஒரு ஆளு எலெக்சன் சமயத்துல பெஞ்சு முழுக்க எழுதி வச்சிட்டானாம். அதுலேர்ந்து ஒரு வார்த்தைதான்னு ஆக்கிட்டாங்க.”

“அம்மா பேரு போடு.”

“பேரு வேற டிப்பார்ட்மென்ட்டாம்ப்பா. அங்க கியூ இன்னும் நீளம். வார்த்தைதான் குடுப்பாங்க.”

சுகுமாரன் டிவியிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, “வா-ன்னு போடு” என்றார்.

காமினி அப்பாவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது.

குணவதியும் சுகுமாரனும் வேலை முடிந்து வந்ததும் அந்தப் பூங்காவில் நடப்பார்கள். அவள் முன்னால் போவாள். இவர் குளத்து மீனைப் பார்த்து நிற்பார். யாரோ நிறுத்திவைத்த புதுக் காரைச் சுற்றிப் பார்ப்பார். அவள் திரும்பாமலே “வா” என்பாள். சாப்பாடு ஆறுகிறது என்றாலும் அதே சொல். சண்டை போட்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் முகத்தைத் தூக்கிவைத்திருக்கும்போது, சண்டை முடிந்தது என்பதற்கும் அதே சொல். உறவுக்காரர் முன்னால் மட்டும் ‘வாங்க’ என்பாள். ‘வா’ என்பது அவர்கள் இருவருக்கு மட்டும் உரியது.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்த இடம் ஜார்ஜ் டவுனில் இருக்கும் பொதுச்சொல் நல்லிணக்க வாரியம். பழைய கட்டடம். லிஃப்ட் பழுது. லிஃப்டின்மேல் ‘பழுது’ என்று எழுதி ஒட்டுவதற்கு வாரியம் இன்னும் ஒப்புதல் தரவில்லை என்பதால், வருகிறவர்கள் எல்லாரும் பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

முகப்பில் லைலா என்ற மலாய்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. விண்ணப்பத்தைப் பார்த்து, தமிழ் எழுத்தில் இருக்கக்கூடாது, எல்லாரும் படிக்கும் எழுத்தில் இருக்கவேண்டும் என்று மலாயில் சொன்னாள். கணினியில் ஆங்கில எழுத்துகளில் ‘WA’ என்று தட்டி, சரியா என்பதுபோலப் பார்த்தாள். சுகுமாரன் சரி என்றார். அப்படியாக, இருவருக்கு மட்டும் உரிய சொல் எல்லாரும் படிக்கக்கூடியதாக ஆயிற்று. எல்லாத் தொல்லையும் அங்கிருந்துதான் தொடங்கியது.

அவரை உள்ளே அழைத்துப் பேசியவர் மொழி இணக்க அதிகாரி காஜா மொய்தீன். நல்ல மனிதர். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார்.

“அண்ணே, நாங்க எந்த வார்த்தையையும் தடை பண்றது கிடையாது. அதெல்லாம் பழைய காலம். ஒரு வார்த்தையால யாருக்கும் எதுவும் புரிஞ்சிடக்கூடாது. அவ்வளவுதான் எங்க கவலை.”

“புரியக்கூடாதா?”

“ஒருத்தருக்குப் புரிஞ்சி பக்கத்துல இருக்கறவருக்குப் புரியலைன்னா அவரு மனசு கஷ்டப்படும். யாருக்குமே புரியலைன்னா யாருக்கும் கஷ்டம் இல்ல. சமத்துவம்னா அதான்லா.”

அவர் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரியில் கோப்பை ஒன்று இருந்தது. சென்ற ஆண்டின் சிறந்த பொதுச்சொல்லுக்கு வாரியம் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டது. அந்தச் சொல் ‘டுர்ப்’. தாத்தா ஞாபகமாக ‘நிழல்’ என்று எழுதக் கேட்ட ஒரு குடும்பத்துக்கு, பல மாத ஆலோசனைக்குப் பிறகு ‘டுர்ப்’ வழங்கப்பட்டதாம்.

“அதுக்கு என்ன அர்த்தம்?”

“உலகத்துல எந்த மொழியிலும் ஒன்னும் இல்லண்ணே. தேடிப் பாத்துட்டோம்” என்றார் காஜா மொய்தீன். சொல்லும்போது அவர் முகத்தில் ஓர் ஒளி வந்தது.

“அந்தக் குடும்பத்துக்கு சந்தோஷமா?”

“புகார் ஒன்னும் வரல.”

மொழிக்குழுக் கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். சுகுமாரன் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனார். தலைவர் டத்தோ மெய்யநாதன். டத்தோ என்பது அரசு தந்த பட்டம். ஆயுளெல்லாம் நிதி நிறுவனத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ‘வணக்கம்’ என்று சொன்னால்கூட அதற்கு ஈடு என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதுபோல ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வணங்குவார்.

ஹொக்கியன் சீனமொழி உறுப்பினர் முதலில் எழுந்தார். அவர் மொழியில் ‘வா’ என்றால் ‘நான்’. பொது பெஞ்சில் ‘நான்’ என்று எழுதிவைத்தால், உட்காருகிற ஒவ்வொருவரும் அது தன்னுடையது என்று நினைப்பார்கள், எழுந்திருக்க மாட்டார்கள். அரபு உறுப்பினர், தமக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை, ஆனால் அது ‘மேலும்’ என்பதற்கான சொல் என்றார். ‘மேலும்’ என்று எழுதிவிட்டு மேலே ஒன்றும் எழுதாவிட்டால், வாரியம் வேலையைப் பாதியில் விட்டுவிட்டது என்றுதானே பொதுமக்கள் நினைப்பார்கள். சுவாஹிலியில் ‘உடைய’ என்று பொருள். யாருடைய என்று கேள்வி வரும். பிரெஞ்சுக்காரர் காதில் அது ‘போ’ என்று விழும். பெஞ்சே போகச் சொன்னால் சுற்றுலா என்ன ஆவது?

ஜப்பானிய மொழியில் மட்டும் அதற்கு ‘நல்லிணக்கம்’ என்று பொருள் இருந்தது. அறையில் ஒரு மகிழ்ச்சி பரவியது. டத்தோ கையை உயர்த்தி அதை அடக்கினார்.

“நல்லிணக்கம் என்பது நம்ம வாரியத்தோட பேரு. தனியார் ஒருத்தர் அதைப் பெஞ்சுல போட்டுக்க நாம அனுமதிக்க முடியுமா? முதல்ல நம்ம கிட்ட அனுமதி வாங்கணும். நாம நமக்கே எழுதிக் கேட்கணும். பதில் வர நாளாகும்.”

கடைசியாகத் தமிழ். காஜா மொய்தீன் எழுந்து, தமிழில் அதற்கு ‘வருக’ என்று பொருள் என்றார்.

டத்தோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இதுதான் எல்லாத்துலயும் ஆபத்து” என்றார். “காலமானவங்க ஞாபகார்த்த பெஞ்சு. அதுல ‘வா’ன்னு எழுதியிருக்கு. கூப்பிடறது யாரு? எங்க கூப்பிடறாங்க? நாளைக்கு அங்க உட்கார்ந்த ஒருத்தர் மாரடைப்புல போயிட்டா, வாரியம் கூப்பிட்டு அனுப்பினதா ஆகும். திரு. சுகுமாரன், நான் சொல்றது உங்க மனசுக்குப் படுதா?”

சுகுமாரன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றார்.

வாரியம் நியாயமானது. உடனே மறுத்துவிடவில்லை. கள ஆய்வுக்கு உத்தரவிட்டது. பூங்காவில் ஒரு பழைய பெஞ்சில் ‘WA’ என்று அட்டை ஒட்டி, அதிகாரிகள் புதர்களுக்குப் பின்னால் நின்று கவனித்தார்கள். ஒரு சீன மூதாட்டி வந்து உட்கார்ந்தார். அவர் தினமும் அங்கேதான் உட்காருகிறவர் என்பது அறிக்கையில் இடம்பெறவில்லை. ஓர் ஐரோப்பிய தம்பதி பெஞ்சைக் கடந்து போனார்கள். ‘பொருளை உணர்ந்து வெளியேறினர்’ என்று எழுதப்பட்டது. ஒரு நாய் வந்தது. அதன் மொழியைத் தீர்மானிக்க முடியாததால் அது சேர்க்கப்படவில்லை.

ஆய்வு முடியும்வரை வாரிய ஊழியர்கள் அந்தச் சொல்லை எந்த மொழியிலும் உச்சரிக்கக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. அதற்குப் பதிலாகப் பயன்படுத்தவேண்டிய வாசகமும் கொடுக்கப்பட்டது. சுகுமாரன் அடுத்த முறை போனபோது காஜா மொய்தீன் கதவருகே நின்று, “மதிப்புக்குரிய ஐயா, தங்கள் வசதிப்படி இத்திசை நோக்கி இடம்பெயர்வதைப் பரிசீலிக்கவும்” என்றார். சுகுமாரனுக்குப் புரியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். காஜா மொய்தீன் பக்கத்தில் வந்து அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். போகிற வழியில், “மன்னிச்சுக்குங்கண்ணே, வீட்ல புள்ளைங்கள கூப்பிடறதுக்கே இப்ப நாக்கு தடுமாறுது” என்று மெதுவாகச் சொன்னார்.

இப்படி அவர் எத்தனையோ முறை படியேறினார். காத்திருக்கும் நேரங்களில் லைலா ஒரு கிளாஸ் தண்ணீரும், சில நாள் வீட்டிலிருந்து கொண்டுவந்த குவே பலகாரமும் அவர்முன் வைப்பாள். ஒரு நாள் மேசையின்மேல் இருந்த அவருடைய விண்ணப்பக் கோப்பைத் தட்டிக்காட்டி மலாயில் கேட்டாள். “அங்கிள், இவ்வளவு பெரிய கோப்பு. உண்மையில் இதற்கு என்னதான் அர்த்தம்?”

“மாரி” என்றார். மலாயில் வா என்பதற்கு அதுதான் சொல்.

“அவ்வளவுதானா?”

“அவ்ளோதான்.”

“யார் சொல்வாங்க?”

“ஒய்ஃப்.”

 லைலா கோப்பை மூடி, கொஞ்சம் தள்ளிவைத்தாள்.

இறுதியில் வாரியம் ஒரு வழி கண்டுபிடித்தது. நன்கொடையாளர் ஓர் உறுதிமொழி தந்தால் சொல்லை ஏற்கலாம்: ‘இச்சொல் எம்மொழியிலும் எப்பொருளையும் குறிக்கவில்லை, குறிப்பாக, யாரையும் எங்கும் அழைக்கவில்லை.’ காஜா மொய்தீன் அதை வாசித்துக்காட்டிவிட்டுப் பேனாவை நீட்டினார். ஸ்டோரில் பெட்டிகளுக்குப் போடுவதுபோலவே சுகுமாரன் கையெழுத்துப் போட்டார்.

அன்று காமினி அவரிடம் முதல்முறையாகக் கோபப்பட்டாள்.

“அம்மா உங்கள கூப்பிடவே இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கீங்கப்பா. எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?”

“கேட்டாங்க.”

அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அழுகிறாள் என்று சுகுமாரனுக்குத் தெரிந்தது. எழுந்து போகவேண்டும் என்றும் தெரிந்தது. டிவியில் யாரோ எதையோ விற்றுக்கொண்டிருந்தார்கள்.

திறப்புவிழாவுக்குப் பூங்காவில் கூடாரம் போட்டார்கள். அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை என்று காமினி சொல்லிவிட்டாள். ஒரு பெரிய அங்சானா மரத்தின்கீழ் புது பெஞ்சு நின்றது. முதுகில் இருந்த தகட்டை மஞ்சள் துணி மூடியிருந்தது. டத்தோ மெய்யநாதன் பேசினார்.

“அன்பர்களே, ஒரு கணவர் நம்மிடம் ஒரு சொல்லைக் கொண்டுவந்தார். அது பாரமான சொல். பல அர்த்தங்களை அது தூக்கிக்கொண்டிருந்தது. வாரியம் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தது. எல்லாவற்றையும் இறக்கிய பிறகு பார்த்தால், எழுத்துகள் மட்டும் மிச்சம் இருந்தன. அர்த்தம் இல்லாத இடத்தில் எழுத்து எதற்கு என்று நேற்றிரவு எனக்குத் தோன்றியது. முப்பது ஆண்டு நிதித்துறையில் இருந்தவன் நான். வீண் செலவு எனக்குப் பிடிக்காது. இதோ, நம் நாட்டின் முதல் முழுமையான நல்லிணக்கத் தகடு.”

துணியை இழுத்தார். துருப்பிடிக்காத எஃகுத் தகடு, நன்றாகத் துலக்கி வைத்திருந்தார்கள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

எல்லாரும் கை தட்டினார்கள். எந்த மொழிக்காரர் முகத்திலும் வருத்தம் இல்லை. சுகுமாரனை பெஞ்சில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். படம் எடுத்து முடித்ததும் எல்லாரும் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடக் கூடாரத்துக்குப் போனார்கள். அவர் உட்கார்ந்தே இருந்தார். எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை.

பினாங்கு மழை சொல்லிவிட்டு வருவதில்லை. மலைப்பக்கம் கறுத்தது, காற்று கூடாரத்துணியைத் தூக்கி அடித்தது, மழை சரிந்து இறங்கியது. சுகுமாரன் அசையவில்லை. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. தலைக்குமேல் அங்சானாவின் கிளைகள் முறுகிச் சத்தமிட்டன. அதுவும் அவருக்குக் கேட்டது. தூரத்தில் வேறு யாருடைய வீட்டிலோ நடப்பதுபோல இருந்தது.

காஜா மொய்தீன் கூடாரத்தின் ஓரத்துக்கு ஓடிவந்து வாயருகே கையைக் குவித்தார். “மதிப்புக்குரிய ஐயா, தங்கள் வசதிப்படி...” மழை மிச்சத்தைக் கொண்டுபோயிற்று. மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தார். “மதிப்புக்குரிய ஐயா...” பின்னாலிருந்து டத்தோ, “வாசகம் முழுசா சொல்லுங்க, பாதியில விட்டா தப்பா அர்த்தம் ஆயிடும்” என்றார்.

லைலா அவர்களைத் தள்ளிக்கொண்டு மழைக்குள் வந்து நின்றாள்.

“அங்கிள்” என்று கூப்பிட்டாள். பிறகு அடிவயிற்றிலிருந்து, “வா” என்றாள்.

அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச்சொல் அதுதான். பெரியவர்களை அப்படிக் கூப்பிடக்கூடாது என்பது தெரியாது. அவள் வாயில் அது கொஞ்சம் நீண்டு, கடைசியில் மலாய்க்காரர்களுக்கே உரிய ஓர் இழுப்போடு முடிந்தது. சுகுமாரனின் கால்கள் எழுந்தன. அவரைக் கேட்டுக்கொண்டு எழவில்லை. புல்வெளியைத் தாண்டிப் பாதி தூரம் வந்திருப்பார், பின்னால் மரம் கிழிபடும் சத்தம் கேட்டது. ஆள் தடிமன் இருந்த கிளை ஒன்று பெஞ்சின்மேல் விழுந்து அதை இரண்டாக மடக்கிப் போட்டது. தகடு மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் கழன்று புல்லில் கிடந்தது.

அடுத்த வாரம் வாரியம் விசாரணை வைத்தது. கிளையைப் பற்றி அல்ல. கிளை எந்த மொழியிலும் எதையும் சொல்லவில்லை; அதன்மேல் குற்றம் இல்லை. விசாரணை லைலாவைப் பற்றி. சுற்றறிக்கை நடப்பில் இருக்கும்போது, பொது இடத்தில், உரத்த குரலில் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறாள். அவள் ஓரத்து நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுகுமாரன் சாட்சி.

“எந்த மொழியில் சொன்னாள் என்பதுதான் முதல் கேள்வி” என்றார் டத்தோ. “ஜப்பானிய மொழியில் சொல்லியிருந்தால் நாம் பெருந்தன்மையாக இருக்கலாம். காஜா மொய்தீன், அங்கீகரிக்கப்பட்ட வாசகத்தைச் சொல்லி முடிக்க உங்களுக்கு இன்னும் எவ்வளவு நேரம் தேவைப்பட்டிருக்கும்?”

“கொஞ்ச நேரம்தான் டத்தோ.”

“கிளை அந்தக் கொஞ்ச நேரம் பொறுத்திருக்குமா?”

“அது எனக்குத் தெரியல டத்தோ.”

“அப்ப நிரூபிக்கப்படல. திரு. சுகுமாரன், இந்தச் சொல்லுக்கு எந்த அர்த்தமும் இல்ல, யாரையும் அழைக்கலன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அர்த்தம் இல்லாத ஒரு சத்தத்தைக் கேட்டு ஏன் எழுந்து நடந்தீங்க? நல்லா யோசிச்சி சொல்லுங்க. இந்தப் பெண்ணோட வேலை இதுல இருக்கு. ‘தற்செயலா எழுந்தேன்’னு சொன்னாப் போதும். சொல்லும் தப்பிக்கும், இவளும் தப்பிப்பா, வாரியமும் தப்பிக்கும்.”

எல்லாரும் சுகுமாரனைப் பார்த்தார்கள். காஜா மொய்தீன், ‘சரின்னு சொல்லிடுங்கண்ணே’ என்பதுபோலத் தலையை லேசாக ஆட்டினார்.

சுகுமாரன் டத்தோவை நேராகப் பார்த்தார்.

“நான் போட்ட கையெழுத்து பொய் டத்தோ” என்றார். “கூப்பிட்டுச்சு. வந்தேன்.”

“அப்படின்னா அதுக்கு அர்த்தம் இருக்குன்னு சொல்றீங்களா? குறிப்பில் எழுதணும். எந்த அர்த்தம்னு சொல்லுங்க.”

சுகுமாரன் எழுந்தார். நாற்காலியை மேசைக்கடியில் ஒழுங்காகத் தள்ளினார். கதவுவரை போய் நின்று, ஓரத்து நாற்காலியைப் பார்த்தார்.

“வாம்மா” என்றார். “சாப்பிடப் போவோம்.”

யாரையாவது அழைத்து அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவருக்கே தெரியாது. லைலா எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“லைலா, விசாரணை முடியல” என்றார் டத்தோ மலாயில்.

“என்னைக் கூப்பிடறாங்க டத்தோ” என்றாள் அவள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

அவர்கள் போன பிறகும் கூட்டம் நடந்தது. தங்கள் முன்னிலையிலேயே சொல் ஒன்று மீண்டும் பயன்படுத்தப்பட்டதா என்பது குறித்து ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. லைலாவைப் பிறகு பெயர்கள் துறைக்கு மாற்றினார்கள். அங்கே கியூ அதிகம் என்பதால் அதைத் தண்டனையாகக் கருதினார்கள்.

அன்று கீழே இறங்கிப் பக்கத்துத் தெருவில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். லைலா மீன் குழம்பும் வெண்டைக்காயும் வாங்கிக்கொண்டாள். சுகுமாரனுக்கும் அதையே போடச் சொன்னாள். சோற்றில் குழம்பைப் பிசைந்து ஒரு வாய் வைத்தவர், அதை விழுங்க முடியாமல் அழ ஆரம்பித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, மூக்கு ஒழுக, தோள் குலுங்க அழுதார். தேத்தண்ணீர் கொண்டுவந்தவன் என்ன ஆச்சு என்று கேட்டான்.

“தா அப்பா அப்பா” என்றாள் லைலா. மலாயில் ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

பிறகு, தன் போனை அவளிடம் நீட்டி, மகளிடம் பேசவேண்டும் என்று அவர் சைகை காட்டினார். லைலாவே எண்ணைத் தேடி, காமினியைக் கூப்பிட்டு, அவர் காதில் வைத்தாள். அவர் பேசி முடிக்கும்வரை தன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.